அனுப்புநர் இரண்டு முறை

ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் ரிப்போர்ட்டுகளை மெயிலில் அனுப்பும் ஒரு ஸ்கேனரும் ஒரு மெயில் சர்வரும் இருந்தன. ஸ்கேனர் எந்த மெயிலிலும் அனுப்புநர் வரியை இரண்டு முறை எழுதிவிடும். அப்படியே போனால் வெளி சர்வர்கள் வாங்காது என்று, நம்ம சர்வர் ஒன்றும் சொல்லாமல் ஒரு வரியை அடித்து நீக்கிவிட்டு அனுப்பும். ஆறு வருஷம் இப்படியே ஓடியது.

ஒருநாள் மெக்கானிக் வந்து ஸ்கேனரைச் சரிசெய்தார். அது ஒரே வரி எழுதியது. சர்வர் பழக்கத்தில் அதையும் அடித்தது. அனுப்புநரே இல்லாத ரிப்போர்ட் திரும்பி வந்தது. அந்த ரிப்போர்ட்டுக்காக ஆபரேஷனை நிறுத்தி வைத்திருந்த டாக்டர் மூன்று தடவை போன் பண்ணிவிட்டார்.

“ஏன் தம்பி, நல்லாத்தானே இருந்தே?” என்றது சர்வர்.

“சரியாத்தாண்ணே எழுதினேன்.”

“அதான் பிரச்சினை. எப்பவும் போல எழுது.”

ஸ்கேனர் இரண்டு முறை எழுதியது. ரிப்போர்ட் உடனே போய்ச் சேர்ந்தது.

“இப்பதான் தேறியிருக்கே,” என்றது சர்வர்.