கேமராவில் கோளாறு

"இதுவும் சரியில்லை," என்றார் அந்த அம்மா.

மூன்றாவது கேமரா. மூன்றையும் ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார்.

கவுன்டருக்குப் பின்னால் நின்ற விற்பனையாளனுக்குச் சுருக்கென்றது. பதினொரு வருஷமாக இதே கடை. வாசலில் நுழையும்போதே ஆளை எடைபோட்டுவிடுவான் என்பதால், கூட வேலை பார்ப்பவர்கள் அவனுக்கு வைத்த பெயர் 'ஜூம்'. இந்தத் தம்பதியையும் அவன் எடைபோட்டாகிவிட்டது. பெரியவர் ஆசைப்பட்டு வந்திருக்கிறார். அந்த அம்மா, வாங்கவிடாமல் இழுத்துக்கொண்டு போக வந்திருக்கிறார்.

பெரியவர் வந்ததும் விவரமாகத்தான் சொன்னார். "முதல் தடவையா டிஎஸ்எல்ஆர் வாங்கறேன் தம்பி. பேத்தி பொறந்து ஏழு மாசம் ஆச்சு. போன தடவை போய்ப் பார்த்தப்போ போன்ல எடுத்தேன், ஒண்ணுகூட தேறலை. குழந்தைக்கு ரெண்டு மூக்கு தெரியுது. அடுத்த வாரம் பொண்ணு கூட்டிட்டு வரா. பத்து நாள்தான் இருப்பா. முப்பதாயிரம் வரைக்கும் போகலாம்."

"முப்பதாயிரமா?" என்று அப்போதே இடைமறித்தார் அந்த அம்மா. "மாப்பிள்ளை எடுக்கட்டுமேங்க. நீங்க எதுக்குச் சிரமப்படணும்?"

பெரியவர் முகம் சுருங்கிப் போனது. ஜூமுக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது. வீட்டுக்கு வீடு இப்படி ஒருத்தர் இருக்கத்தான் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

"சும்மா எடுத்துப் பாருங்க சார்," என்று ஒவ்வொரு கேமராவாகக் கையில் கொடுத்தான். பெரியவர் மனைவியை நிற்கவைத்து எடுத்தார். மூன்றிலும் படம் கலங்கித்தான் வந்தது.

"சார், கேமரா நல்லாத்தான் இருக்கு. நீங்க கையை..." என்று ஜூம் ஆரம்பித்தான்.

"கடையில நல்ல சாமானே வைக்கறதில்லையா தம்பி?" அந்த அம்மாவின் குரல் கடை முழுக்கக் கேட்டது. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜூமுக்குக் காது சூடாகிவிட்டது.

"ஏங்க, அங்க கேமரா பை மாட்டியிருக்கு பாருங்க. உங்களுக்குப் பிடிச்சதா ஒண்ணு எடுத்துட்டு வாங்க."

கேமராவே வாங்கவில்லை, அதற்குள் பையா? பெரியவர் மறுபேச்சு இல்லாமல் நடந்தார்.

அவர் தள்ளிப் போனதும் அந்த அம்மாவின் குரல் அப்படியே இறங்கிவிட்டது.

"மன்னிச்சுக்கங்க தம்பி. உங்க கேமராவில ஒரு குறையும் இல்லை. அவர் கைதான்."

"கையா?"

"ஆஸ்பத்திரி லேப்ல முப்பது வருஷம் ரத்தம் எடுத்தவர். ஊசி போனதே தெரியாது. கைக்குழந்தையைத் தூக்கிட்டு இவரைத் தேடி வருவாங்க. ரெண்டு வருஷமா அந்தக் கை நடுங்குது. போட்டோ கலங்கினப்போ, போன் மோசம்னு நான்தான் சொல்லிவெச்சேன். பொண்ணும் மாப்பிள்ளையும்கூட அதையே சொல்லிட்டிருக்காங்க. தளும்பினா தெரிஞ்சிடுமேன்னு டீயைக்கூட அரை டம்ளர்தான் ஊத்துவேன். இவ்வளவு நல்ல கேமராவிலயும் கலங்கினா, நான் எதுமேல பழி போடறது? பேத்தி வர்ற நேரத்துல மனுஷன் உடைஞ்சு போயிடுவார்."

ஜூம் கவுன்டர்மேல் இருந்த மூன்று கேமராவையும் பார்த்தான். மூன்று தடவையும் எதிரில்தான் நின்றிருந்தான். ஒரு தடவைகூட அவர் கையைப் பார்க்கவில்லை.

பெரியவர் ஒரு கறுப்புப் பையோடு திரும்பி வந்தார்.

"சார், தப்பு என்னோடது," என்றான் ஜூம். "போன வாரம் இந்த லென்ஸ் கீழ விழுந்துடுச்சு. கவனிக்காம மூணு கேமராவிலயும் இதையே மாட்டிக் கொடுத்துட்டேன்."

சுமாரான சாமானை எத்தனையோ தடவை பிரமாதம் என்று விற்றிருக்கிறான். நல்ல சாமானைப் பழுது என்று சொன்னது அன்றைக்குத்தான்.

உள்ளே போய் வேறு லென்ஸ் எடுத்து வந்தான். கை ஆட்டத்தைத் தானே சமாளித்துக்கொள்கிற லென்ஸ். போதாததற்கு ஷட்டர் வேகத்தையும் சத்தமில்லாமல் ஏற்றிவைத்தான்.

"இப்ப எடுங்க சார்."

திரையில் அந்த அம்மாவின் முகம் தெளிவாக விழுந்தது. மூக்குக்கண்ணாடியில் இருந்த கீறல்கூடத் தெரிந்தது. கண்ணோரத்து ஈரமும் தெரிந்தது.

"பார்த்தியா? நான்தான் சொன்னேனே, போன்தான் மோசம்," என்றார் பெரியவர்.

"ஆமாங்க. முதல்ல அந்தப் போனைத் தூக்கிப் போடுங்க."

அந்த லென்ஸோடு சேர்த்தால் விலை முப்பதாயிரத்தைத் தாண்டியது. ஜூம் தனக்கு வரவேண்டிய கமிஷனை விட்டுக்கொடுத்து, பையையும் சும்மா சேர்த்து, எப்படியோ முப்பதுக்குள் அடக்கினான்.

அந்த அம்மா பணம் கட்டக் கல்லாவுக்குப் போனார். ஜூம் குனிந்து கேமராவைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தான். அப்போது பெரியவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த சீட்டு ஒன்றை எடுத்து அவன்முன் வைத்தார்.

வீட்டிலேயே எழுதிக் கொண்டுவந்தது. எழுத்தெல்லாம் கோணல்மாணலாக ஆடியிருந்தது.

'கை நடுங்கினாலும் படம் கலங்காத லென்ஸ் வேண்டும். என் மனைவி முன்னால் பேச வேண்டாம்.'

ஜூம் நிமிர்ந்தான். "சார்... அப்ப உங்களுக்கு..."

"இதைக் கொடுக்கத்தான் அவ எப்ப நகருவான்னு காத்துட்டிருந்தேன். அதுக்குள்ள நீங்களே முந்திட்டீங்க," என்றார் பெரியவர். கல்லாப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ரெண்டு வருஷமா அரை டம்ளர் டீதான் குடிக்கறேன் தம்பி. எனக்குத் தெரியும்னு மட்டும் அவளுக்குத் தெரிய வேண்டாம். பாவம், அவ்வளவு கஷ்டப்பட்டு மறைச்சு வெச்சிருக்கா."