அல்லிக்குளத்துக்கு ஒரு விளக்கு

"அப்பா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் கடையில கத்தாதீங்க."

தி. நகரில் காரை விட்டு இறங்குவதற்குள் நிலா மூன்றாம் முறையாகக் கெஞ்சிவிட்டாள்.

"நான் எங்கம்மா கத்தறேன்? பேரம் பேசறேன். அதுக்குக் கொஞ்சம் சத்தம் வேணும்" என்றார் அசோகன். சைதாப்பேட்டையில் தள்ளுவண்டியில் பெயிண்ட் டப்பா விற்றவர், இன்று சொந்தமாகக் கடைகள் வைத்திருக்கிறார். குரல் மட்டும் இன்னும் தள்ளுவண்டிக் குரல்.

"கிரீஷோட அப்பா யாரையும் அதட்டிக்கூடப் பேசினதில்லையாம். அவங்கம்மா வேற, 'அவா பழக்கவழக்கம் நம்மாத்துக்கு ஒத்து வருமா'ன்னு இழுத்துட்டே இருக்காங்க. இந்தக் கல்யாணம் நின்னா, உங்க வாயாலதான் நிக்கும்."

"சரி தாயே. வாயத் தெச்சிக்கினேன். போதுமா?"

விளக்குக் கடை வாசலில் கிரீஷின் அப்பா ஸ்ரீவத்சன் கைகூப்பி வரவேற்றார். அடையாறில் அவர் வீட்டுத் தோட்டத்தில்தான் நிச்சயதார்த்தம். அங்கே சின்னதாக ஓர் அல்லிக்குளம். தண்ணீருக்குள் விளக்கு எரிந்தால் அழகு. ஆனால் மலிவாக முடியவேண்டும்.

"விலை விஷயத்துல நேக்கு வாய் வராது. நீங்களும் வாங்கோ" என்று அவர்தான் அசோகனைக் கூப்பிட்டிருந்தார்.

காலையில் நிலா அந்தக் குளத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். வேலைக்காரி முனியம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் பாசி தேய்த்துக்கொண்டிருந்தாள். "நீதான் பொண்ணா? வழுக்கும், கிட்ட வராத கண்ணு" என்று இவளைத் தள்ளி நிற்கச் சொன்னாள்.

கடைக்காரர் ஷஃபியுல்லா விளக்குகளை வரிசையாக எடுத்து வைத்தார். விலையைச் சொன்னதுதான் தாமதம், தைத்த வாய் பிரிந்தது.

"இன்னா பாய்! குளத்துக்கு லைட்டு கேட்டா, குளத்துக்கே விலை சொல்றியே!"

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நிலா துப்பட்டாவை முறுக்கினாள்.

"அப்பா..."

"பரவாயில்லை, விடும்மா" என்று சிரித்தார் ஸ்ரீவத்சன். "கடைக்காரரும் பாவம், பொழைக்கணுமோல்லியோ?"

நிலாவுக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது.

அசோகன் அடங்கவில்லை. பொருளில் குறை கண்டுபிடித்து விலையைக் குறைப்பதுதான் அவருக்குத் தெரிந்த வித்தை. இருந்ததிலேயே மலிவான விளக்கை எடுத்து, கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பரை நகத்தால் நெம்பினார்.

"இந்த ரப்பரு எத்தினி மழைக்குத் தாங்கும்? உள்ள தண்ணி பூந்தா இன்னா ஆவும்? கொற கீதா இல்லியா, சொல்லு!"

ஷஃபியுல்லா தயங்கினார். "கேட்டுட்டீங்க, சொல்லிடறேன் சார். இது நேரா வீட்டு கரண்ட்ல எரியறது. ரப்பர் போச்சுன்னா தண்ணியில கரண்ட் இறங்கும். தெரியாம யாராச்சும் கால வெச்சா, ஆளு போயிடுவாங்க. இதோ, இது பன்னெண்டு வோல்ட்டு. அந்த பயமில்ல. வெலதான் ஜாஸ்தி."

அசோகன் கையிலிருந்ததை மேஜையில் வைத்துத் தள்ளினார். "இது வாணாம் சம்பந்தி."

ஸ்ரீவத்சன் அதே விளக்கை மெல்ல எடுத்துக் கடைக்காரர் பக்கம் நகர்த்தினார். அப்போதும் அவர் குரல் உயரவில்லை. முகத்தில் அதே சிரிப்பு.

"இதுவே போறும். ஆத்துல நாங்க யாரும் அந்தத் தண்ணில கால் வெக்கறதில்லையே. முனியம்மாதானே எறங்கி அலம்பறா? இதையே பேக் பண்ணிடுங்கோ, ப்ளீஸ்."

கடையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அசோகனின் முகம் ரத்தமாகச் சிவந்தது. வாயைத் திறந்தார். மகளைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு மூடிக்கொண்டார்.

நிலா துப்பட்டாவை விட்டாள்.

"அப்பா, இப்பக் கத்துங்க."