பகலில் எரிந்த பல்பு

ஜோசலின் மேடத்திடம் எப்படிச் சொல்வது என்று காலையிலிருந்தே தபீதாள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

எட்டாம் வகுப்போடு நின்றவள். விஷயமோ கரண்ட் விஷயம். ஒன்று கிடக்க ஒன்று சொல்லி வைத்தால், "இந்தம்மாவுக்கு என்ன தெரியும்" என்று மேடம் எழுந்து போய்விடுவார்.

சொல்லாமலும் இருக்க முடியவில்லை. சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் இருந்த அவள் வீட்டுக் கார் ஷெட்டில் ஷெர்வின் வாடகைக்கு இருந்தான். இன்ஜினியரிங்கில் பிஎச்.டி. பண்ணுகிற பையன். காந்தமே இல்லாத மோட்டாரை ஓட்டுவதற்கு ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தான்.

செய்யட்டும். அந்தப் பெட்டியோடு எதற்கு இரண்டு குண்டு பல்பு? பட்டப்பகலில் அழுதுவடிந்துகொண்டு எரிகின்றன. கேட்டால், "வேணும் ஆன்ட்டி" என்பதோடு சரி.

நேற்று அவன் வெளியே போனதும் அவளே பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தாள். பிடுங்கிய பிறகும் பல்பு எரிந்தது. மெல்ல மெல்ல மங்கித்தான் அணைந்தது.

இன்றைக்கு அவனுடைய கைடு ஜோசலின் மேடம் பெட்டியைப் பார்க்க வருகிறார். அவர் கண்டிக்கட்டும். இல்லையென்றால் காலி பண்ணச் சொல்லிவிட வேண்டியதுதான்.

மேடம் வந்தார். மோட்டாரை ஓடவிட்டு மீட்டரைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"போடுற கரண்டுக்கு வேலை இன்னும் கொஞ்சம் கம்மியாத்தான் வருது ஷெர்வின். இதை வச்சுக்கிட்டு தீசிஸ் குடுக்க முடியாது."

காபியோடு நுழைந்த தபீதாள், இதுதான் சமயம் என்று ஆரம்பித்தாள்.

"தப்பாச் சொன்னா மன்னிச்சுக்குங்க மேடம். இந்த ரெண்டு பல்பும் எதுக்குன்னு கேளுங்க. பகல்லயும் எரியுது. பிளக்கைப் பிடுங்கினாலும் எரியுது. எனக்கு பயமா இருக்கு."

மேடம் சிரித்தார். "கரெக்டாத்தான் சொல்றீங்க. போன தடவையே எடுடான்னு சொன்னேன். மோட்டாருக்குப் போக வேண்டியதை இது ரெண்டும் தின்னுது. எடுத்துட்டா இவன் பெட்டி பாஸ்."

தபீதாளுக்கு உச்சி குளிர்ந்தது. "கேட்டியாப்பா? நான்தான் படிக்காதவ. மேடம் சொன்னாக்கூடக் கேக்க மாட்டியா?"

மேடம் அவன் பக்கம் திரும்பினார்.

"ஏன்டா, மீட்டர் வச்சுப் பாக்காம நீ எதையும் தொட மாட்டியே. உனக்கு எதுக்கு இது?" என்றார் மேடம்.

"எனக்கு இல்ல மேடம்."

"பின்னே யாருக்கு?"

அவன் கண் தபீதாள் பக்கம் போய் வந்தது. மேடம் விடவில்லை.

"மோட்டார்ல மிச்சமாகிற கரண்ட் திரும்பி வந்து இந்தப் பெட்டியிலதானே தங்குது மேடம். சுவிட்சை அணைச்சாலும் ரொம்ப நேரம் உள்ளேயே நிக்கும். நான் அந்தப் பக்கம் போனதும் ஆன்ட்டி வந்து ஈரத்துணியால துடைக்கிறாங்க."

"வேணாம்னு சொல்றதுதானே?"

"சொன்னேன். தூசின்னு இன்னும் அழுத்தித் துடைக்கிறாங்க. பூட்டிட்டுப் போனா அவங்ககிட்ட இருக்கிற சாவியைப் போட்டுத் திறந்துடறாங்க. பல்பு இருந்தா, அவங்க கை வைக்கிறதுக்குள்ள மிச்ச கரண்டைக் குடிச்சுத் தீர்த்துடும்."

"அதுக்காக தீசிஸையே தள்ளிப் போடுவியா?"

"தள்ளித்தானே போகுது மேடம். போயிடலையே."

தபீதாள் காபியை வைத்துவிட்டு உள்ளே போனாள். துடைப்பத்தையும் துணியையும் கொண்டுவந்து ஷெர்வினிடம் கொடுத்தாள்.

"இனிமே நீயே துடைச்சுக்கோ. தூசியோட கிடந்தாலும் பரவாயில்ல."

பிறகு இடுப்பில் செருகியிருந்த கொத்திலிருந்து ஷெட் சாவியை மட்டும் கழற்றி மேடத்திடம் நீட்டினாள்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும் மேடம். அவன் பல்பை எடுக்கட்டும். எங்கிட்ட இருந்தா என் கை சும்மா இருக்காது."