இரண்டு பூட்டுப் பெட்டி

காட்டுப்பன்றி விரட்ட வாங்கிய துப்பாக்கிக்குத் தன் பெட்டியைக் கண்டாலே ஆகாது.

கடையில் வெல்வெட் வைத்த தோல் உறை ஒன்று, "எங்கிட்ட வா, தொட்டாலே திறந்துக்குவேன்" என்று ஆசையாகக் கூப்பிட்டது. வீட்டுக்காரம்மாவோ இந்த இரும்புப் பெட்டியைத்தான் எடுக்கச் சொன்னாள். அதற்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி புருஷனிடம், மற்றது அவள் இடுப்பில்.

"உன்னைத் திறக்கறதுக்குள்ள பன்றி அடுத்த ஊருக்கே போயிடும்" என்று துப்பாக்கி தினமும் ஏசும்.

"போனா போகட்டும்" என்று மட்டும் சொல்லும் பெட்டி.

ஒரு மத்தியானம், வரப்புத் தகராறில் தம்பியிடம் அடிபட்டு, கிழிந்த சட்டையோடு வீட்டுக்காரர் ஓடிவந்தார். தன் பூட்டைத் திறந்தார். மற்றது அசையவில்லை. மனைவியோ வயலில் இருந்தாள். கடப்பாரையை எடுத்து ஓங்கி ஓங்கிக் குத்தினார். மூடி நசுங்கியது, பூட்டு விடவில்லை. கடைசியில் கை ஓய்ந்து, பெட்டிமேலேயே தலையைச் சாய்த்து, "பாவி, உன்னைத் தோள்ல தூக்கி வளர்த்தேனேடா" என்று அழுதார்.

உள்ளே இருட்டில் துப்பாக்கி மெல்லக் கேட்டது: "ரொம்ப வலிக்குதா?"

"பேசாம இரு" என்றது பெட்டி. "அவர் அழுது முடிக்கட்டும்."