கேதீசனின் ஹொட்ஸ்பொட்

கொக்குவிலில் கணினி திருத்தும் கடை. இணைய இணைப்பு வேலை செய்யாததால், கடையின் பழைய திருத்துநர் கேதீசனின் கைப்பேசி ஹொட்ஸ்பொட்டில்தான் தர்சினி, மடிக்கணினியை உயிர்ப்பிக்கும் அடிப்படை மென்பொருளான ஃபேர்ம்வெயரின் மூலநிரலை இறக்கிக்கொண்டிருக்கிறாள். யாரும் எடுக்கலாம் என்று இணையக் களஞ்சியத்தில் திறந்தே கிடக்கிறது அது. அவனுக்குத்தான் தேடத் தோன்றவில்லை. "உது செத்துப்போச்சு" என்று அவன் முதலாளியிடம் கைவிரித்த மடிக்கணினி, இப்போது அவள் முன்னால் விரிந்திருக்கிறது. வேலைக்கு வந்து ஒரு மாதமும் ஆகாதவள். முதலாளி அவளுக்கு மட்டும் தேத்தண்ணி வைத்துவிட்டுப் போகிறார். மேசை விசிறி அவள் கூந்தலைக் கிளப்புகிறது. பக்கத்துக் கணினித் திரையில் எண்பது வீதம், தொண்ணூறு வீதம் என்று எண்கள் ஏறுகின்றன. அவளுடைய முதுகுக்குப் பின்னால், கேதீசனின் பெருவிரல் ஹொட்ஸ்பொட்டை நிறுத்தும் பொத்தானுக்கு மேலே வந்து நிற்கிறது. செத்த மடிக்கணினியின் கறுத்த திரையில் அந்த விரல் கண்ணாடியில் தெரிவதுபோலத் தெரிகிறது. தர்சினி திரும்பாமலே சொல்கிறாள்: "முடிஞ்சுது, கேதீசண்ணை. இனி நிப்பாட்டுங்கோ."