வெளிநாட்டுத் தோழி

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் காசநோய் ஆராய்ச்சி செய்துவந்தாள் செங்கமலம். அரசு நிதி பெறுபவர்களுக்கான பயிற்சி அது; ஆராய்ச்சித் தகவல்கள் வெளிநாட்டுக்குக் கசியாமல் காப்பது பற்றியது. அதில், 'வெளிநாட்டில் யாருடனாவது சேர்ந்து வேலை செய்கிறீர்களா?' என்ற கேள்வியைக் கண்டதும் பதிலை நிரப்பாமல் விட்டாள். சோதனைகளில் பாதியைச் செய்வது மதுரையில் இருக்கும் தோழி நஸ்ரத். சொன்னால் ஆராய்ச்சியே நின்றுவிடுமோ என்று பயந்து, அவள் போனைக்கூட எடுக்காமல் இருந்தாள். கடைசியில் மனசு கேட்காமல் பல்கலைக்கழகத்தில் இதைக் கவனிக்கும் அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். வெளியே வந்ததும் நஸ்ரத்தை அழைத்தாள்.

"உன்னைப் பத்திச் சொல்லிட்டேன்டி."

"ஐயையோ! என்ன சொன்னாங்க?"

"மறைச்சாத்தான் தப்பாம். முறையா அனுமதி வாங்கிச் சேர்ந்தே செய்யலாமாம். கட்டுரையில உன் பேரும் வரும்."

மறுமுனையில் நஸ்ரத் மூக்கை உறிஞ்சினாள்.

"இனிஷியலை விட்டுடாத. எங்க அத்தா பேரும் வரட்டும்."