பேர்கனிலிருந்து ஒரு விசாரிப்பு

தக்ஷாயினிக்கு அன்றைக்குக் கதையிலே மனம் போகவே இல்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தபடி இருந்தாள்.

ஒஸ்லோவின் புறநகரான எல்லிங்ஸ்ருட்டில் தமிழ்ப் பெண்கள் கூடுகிற வாசிப்பு வட்டம் அது. மங்களேஸ்வரி ரீச்சர் பழைய ஆங்கில நாவல் ஒன்றை வாராவாரம் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

விக்டோரியா மகாராணி காலத்துக் கிராமம். தேனீ வளர்க்கிறவரின் மகள், மணிக்கூடு திருத்த வந்த ஒருவனை நம்பி அவனோடு போய்விடுகிறாள். அவன் கைவிட, ஊருக்குத் திரும்பி வருகிறாள். பிறகு வயலும் மாடும் வைத்திருக்கிற நல்ல கமக்காரன் ஒருவன் அவளைக் கட்ட வருகிறான். தேவாலய வாசலில் வைத்து ஊர்க்காரி ஒருத்தி அவனுடைய தாயின் காதில் விஷயத்தைப் போட்டுவிட, கலியாணம் குழம்பிப் போகிறது.

அன்றைக்குக் கடைசி அத்தியாயம். பெண் பனியில் விறைத்துச் செத்துப்போனாள்.

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். ஒரு வாய் சும்மா இருந்திருந்தால் ஒரு பிள்ளை வாழ்ந்திருக்குமே என்று சொல்லிச் சொல்லி உருகினார்.

"விசர்ப் பெட்டை. இதுக்கெல்லாம் ஆராவது சாவினமோ?" என்றார் மேரியம்மா.

எல்லாரும் திரும்பி முறைத்தார்கள். அவர் பாட்டுக்குத் தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டிருந்தார். குறோன்லாண்ட் கடைத்தெருவில் மீனும் மரக்கறியும் விற்கிற கடைக்காரி அவர். ஒஸ்லோவில் எந்தத் தமிழ் வீட்டில் என்ன நடந்தாலும், அந்தக் கடைக்கு வந்துதான் மற்ற வீடுகளுக்குப் போகும். வாயும் லேசுப்பட்ட வாய் இல்லை.

தக்ஷாயினி மேரியம்மாவின் கண்ணில் படாமல் குனிந்துகொண்டாள்.

அவளுக்கும் ஒரு கதை இருந்தது. படிக்கிற காலத்தில் எரிக் என்கிற நோர்வேக்காரப் பெடியனோடு ஒரே வீட்டில் இருந்தவள். சரிவரவில்லை, பிரிந்துவிட்டாள். பெற்றோர் அதைப் பற்றி வெளியில் மூச்சு விடவில்லை. இப்போது பேர்கன் நகரத்தில் இருக்கிற ஆரணன் அவளைக் கட்டக் கேட்கிறான். அவனுக்கு அவள் ஒன்றையும் ஒளிக்கவில்லை. அவன் தனக்கு அது ஒரு விஷயமே இல்லை என்றான். ஆனால் அம்மா விசாரிக்காமல் விடமாட்டா, அவ மாட்டன் என்றால் தன்னால் எதிர்த்து நிற்க ஏலுமோ தெரியாது என்று இழுத்தான்.

எங்கள் ஆட்களுக்கு விசாரிக்காமல் ஒரு கலியாணம் நடக்குமா? பெண் இருக்கிற ஊருக்குப் போன் போட்டு, தெரிந்தவர்களிடம் கேட்டால்தான் அவர்களுக்கு நித்திரை வரும்.

எரிக்கை விட்டு வந்த நேரம் தக்ஷாயினி மடியில் விழுந்து அழுதது மங்களேஸ்வரி ரீச்சரிடம்தான். அந்தத் துணிவில், அம்மா ஆரிட்டையும் கேக்கிறதெண்டால் ரீச்சரிட்டைக் கேக்கச் சொல்லு என்று ஆரணனிடம் சொல்லி வைத்திருந்தாள். ஆனால் அவனுடைய அம்மா மேரியம்மாவின் கடை நம்பரையும் எடுத்துவிட்டா என்று கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"என்ன பிள்ளை, போனையே பாத்துக்கொண்டிருக்கிறாய்? பேர்கனிலையிருந்து ஆரும் எடுக்க வேணுமோ?" என்றார் மேரியம்மா.

கேட்டுவிட்டு ஒரு சிரிப்பு வேறு. தக்ஷாயினி எழும்பி ஜாக்கெற்றைக் கொளுவிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். ஸ்டேசன் வாங்கில் இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வந்த ரயிலை விட்டுவிட்டு மேடையில் அங்கும் இங்கும் நடந்தாள். அப்போதுதான் ஆரணன் போன் எடுத்தான்.

"தக்ஷா, அம்மாவுக்கு எல்லாம் தெரிஞ்சிட்டுது."

"எனக்குத் தெரியும். அந்தக் கடைக்கார மனிசிதானே?"

"இல்லை. உன்ரை ரீச்சர்."

அவன் சொல்லிக்கொண்டே போனான். நேற்றுத்தான் அம்மா ரீச்சரோடு கதைத்தாவாம். ரீச்சர் போனிலேயே அழுதாராம். பாவம், நல்ல பிள்ளை, எண்டாலும் மனச்சாட்சிக்கு விரோதமா மறைக்க ஏலாது என்றாராம். பிறகு எரிக்கின் பெயர், இருந்த வீடு, பிரிந்த விதம் என்று ஒன்று விடாமல் ஒப்புவித்தாராம்.

நேற்று அதைச் செய்துவிட்டுத்தான் இன்றைக்கு அந்தத் தேனீக்காரர் மகளுக்கு அழுதிருக்கிறார். தக்ஷாயினிக்குக் கோபம் கூட வரவில்லை.

"அப்ப எல்லாம் முடிஞ்சுதே?"

"கேளன். உண்மையோ எண்டு பாக்க அம்மா இண்டைக்குக் காலமை கடைக்கும் எடுத்தவ."

"மேரியம்மா அன்ரி என்ன சொன்னவ?"

"'கேட்டதுக்குப் பதில் சொல்லுறன், தங்கச்சி. அதுக்கு முதல், உங்கடை மகனைப் பற்றி நான் பேர்கனிலை ஆரிட்டை விசாரிக்கிறது? அந்த நம்பரைத் தாங்கோ' எண்டு கேட்டவ."

ஆரணனும் முன்பு ஒரு நோர்வேப் பெண்ணோடு ஒரே வீட்டில் இருந்தவன்தான். அது அவன் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆம்பிளைப் பிள்ளை என்று ஒருத்தரும் அதை ஒரு கதையாகவே எடுக்கவில்லை.

"அம்மா என்ன நம்பர் குடுத்தவ?"

"ஒண்டும் குடுக்கேல்லை. போனை வைச்சிட்டு என்னையே கனநேரம் பாத்துக்கொண்டிருந்தவ. பிறகு, ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டை போவம், வாயை மூடிக்கொண்டு ரிக்கெற்றைப் போடு எண்டவ."